ஒரு வரி அட்டை

அவர் வீட்டுக்குள் அச்செழுத்து நுழையாது. மளிகைக் கடையில் பருப்பு கட்டிக் கொடுத்த காகிதத்தைக்கூட வாசற்படியிலேயே பிரித்து, பருப்பை முறத்தில் கொட்டிக்கொண்டு, காகிதத்தைக் கசக்கி வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். சுவரில் காலண்டர் கிடையாது. அமாவாசை என்றைக்கு என்பதைத் தெருவில் தறிச்சத்தம் நின்றுபோவதை வைத்துத் தெரிந்துகொள்வார். ஆனால் அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் புத்தகம் எழுதியவர்கள் எல்லாரும் கடைசியில் அந்த வாசலில்தான் போய் நின்றார்கள்.

அப்படி எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்காதீர்கள். கோவில் ஊர். தடுக்கி விழுந்தால் தலபுராணத்துக்கு உரை எழுதுகிற ஒருவர் மேல்தான் விழ வேண்டும். தமிழ் வாத்தியார்கள், அரசியலில் இறங்கிய பக்கத்துக் கிராமத்து நிலக்காரர்கள், பரம்பரை வைத்தியர்கள் என்று ஆளுக்கொரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார்கள். அடித்தல் திருத்தலோடு இருக்கிற அந்தக் கட்டைச் சென்னைப் பதிப்பகங்கள் தொடாது. அதை அவர்கள் கேட்கிற மாதிரி நல்ல பிரதியாக எழுதிக் கொடுப்பது இவர் தொழில். பிள்ளையார்பாளையத்தில் ‘காப்பி எழுதுற அம்மா’ என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ‘எழுதுற’ என்பதை விட்டுவிட்டுக் கேட்டால் காப்பிக் கிளப்பைக் காட்டுவார்கள்.

நான் அப்போது தபால் ஆபீசில் குமாஸ்தா, ரிஜிஸ்டர் தபால் கவுண்டர். வயது இருபத்தெட்டு. கல்யாணம் முடியவில்லை, ஒரு நாவல் முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் இந்த இரண்டையும் ஒரே பெருமூச்சில் சொல்வார்கள். ஆபீசில் வழக்கொழிந்து மூலையில் கிடந்த விண்ணப்பப் பாரங்களின் பின்பக்கத்தில், இடம் கிடைத்த திசையெல்லாம் எழுதிய நாவல். என் கையெழுத்தோ கோழி கிளறின குப்பை. அதை அப்படியே கட்டிச் சென்னைக்கு அனுப்பினேன். மூன்றாம் வாரம் என் கவுண்டருக்கே திரும்பி வந்தது. நானே முத்திரை குத்தி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

உள்ளே ஓர் அச்சடித்த சீட்டு இருந்தது. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும். இடது ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விடவும். வரிக்கு வரி தாராளமாக இடைவெளி வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் புதுத் தாளில் தொடங்கவும். பக்க எண் இடவும், தைக்க வேண்டாம். படி ஒன்று தங்களிடம் வைத்துக்கொள்ளவும். அதற்குக் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘படிக்க முடியவில்லை. ஆகவே படிக்கவில்லை.’ அந்த வரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் இருந்த தமிழ் வாத்தியார்தான் அவரிடம் போகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய காஞ்சிபுரத்துக்குப் போனேன். பிள்ளையார்பாளையத்தில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். அதைத் தாண்டக் கூடாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஜன்னலோரத்தில் ஒரு சாய்வுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு. நடுவிரலில் பட்டாணி அளவுக்குக் காய்ப்பு.

“எத்தினி வரி?” என்றார்.

“பக்கம் இருநூத்தி நாப்பது இருக்கும்க்கா.”

“பக்கத்த கேக்கல. வரி.”

தன் நாவலின் வரிகளை யாராவது எண்ணி வைத்திருப்பார்களா? விழித்தேன். அவர் கட்டை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார். பிறகு பதிப்பகத்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, இரண்டு முறை படித்தார். அச்செழுத்தில் அவர் படிப்பது அது ஒன்றுதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. “இத மட்டும் படிக்கிறீங்களே?” என்று ஒரு நாள் சீண்டினேன். “இது உத்தரவுமா. கதையா?” என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒரு நப்பாசை. கதை எதைப் பற்றி என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே வெட்கத்தை விட்டு, “என்ன கதைன்னு சொல்லட்டுமாக்கா?” என்றேன்.

“எனக்கு எதுக்கு? இருக்கிறத எழுதுறது என் வேல. இல்லாதத எழுதுறது உங்க வேல. ரெண்டையும் கலக்கக் கூடாது.”

கலக்காமல் இருக்க அவர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். தறிக்கு மேலே பெட்டியில், சேலையில் பூப்போடுவதற்காகத் துளையிட்டுக் கோத்திருப்பார்களே, அந்த அட்டை ஒன்று. பழையது. அதன் நடுவில் சரியாக ஒரு வரி தெரிகிற அளவுக்கு நீளமாக வெட்டியிருந்தார். அதை என் காகிதத்தின் மேல் வைப்பார். ஒரு வரி தெரியும். எழுதுவார். அட்டையைக் கீழே நகர்த்துவார். அடுத்த வரி. மேலே என்ன நடந்தது, கீழே என்ன நடக்கப்போகிறது என்பதெல்லாம் அட்டைக்கு அடியில். “ஒரு வரியில என்னாமா தெரிஞ்சிடும்?” என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

எழுதுவதைப் பார்க்க வேண்டும். இரண்டு தாள், நடுவில் கார்பன். இடது ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து நீவி, பிறகு பிரிப்பார். அந்த மடிப்புத் தடம்தான் ஓரக்கோடு. ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு வரி; இருபத்து மூன்றாவது வரிக்குக் கெஞ்சினாலும் இடம் கிடையாது. ஓர் எழுத்து பிசகினால் அடிக்க மாட்டார், பக்கத்தையே எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து எழுதுவார். மெய்யெழுத்துக்குப் புள்ளியைக் குத்த மாட்டார். சின்னதாக ஒரு வட்டம் போடுவார், உள்ளே வெளிச்சம் தெரிகிற வட்டம். பக்கம் முழுக்க எள் தூவினது போல அந்த வட்டங்கள் இருக்கும். நூறு பேர் எழுதிய தாள்களைக் கலைத்துப் போட்டாலும் அவருடையதை நான் எடுத்துவிடுவேன்.

அவர் நிஜமாகவே படிப்பதில்லை என்பது மூன்றாம் அத்தியாயத்தில் எனக்கு நிரூபணமாயிற்று. பஸ் ஸ்டாண்டில் கதாநாயகி காதலனை வழியனுப்புகிற இடம். நான் அழுதுகொண்டே எழுதிய இடம். நல்ல பிரதியில் இப்படி இருந்தது: ‘அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்கள் நிறைந்தன. அம்மாவுக்கு மாத்திரை, மறக்காதே. பஸ் கிளம்பியது.’

நான் எனக்காகக் குறித்து வைத்த மாத்திரை, காதலுக்கு நடுவில் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரித்து மாளவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“இருந்திச்சி, எழுதினேன்.”

“இது கதையில சேராதுக்கா!”

“எனக்கு எப்டிமா தெரியும்?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை வாங்கி மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டார். மேடைப் பேச்சுகளைத் தொகுத்த ஓர் அரசியல்காரர் தாம் குறித்து வைத்திருந்த ‘இந்த இடத்தில் கைதட்டல்’ என்பதையும் அவர் விடாமல் எழுதிக் கொடுத்தாராம். அந்த மனிதருக்கு அது பிடித்துப்போய் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார் என்று வாத்தியார் சொல்லிச் சிரித்தார்.

என் எழுத்து புரியாத இடங்களில் அவர் ஊகிக்க மாட்டார். அந்தச் சொல் கொள்கிற அளவுக்கு இடம் விட்டு, இரண்டு பிரதியிலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சொல்லைச் சொன்னால், எழுதிவிட்டுப் புள்ளியை ரப்பரால் அழிப்பார். புள்ளி போனால்தான் பக்கம் முடிந்ததாகக் கணக்கு. என் புண்ணியத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து புள்ளிகள் இருந்தன.

எழுதியதை மூலத்தோடு ஒத்துப் பார்க்கிறபோது அவர் அறையில் இருக்க மாட்டார். வாய்விட்டுப் படிக்கிற குரல் காதில் விழக் கூடாதாம். “நீங்க பாருங்கமா. நான் அந்தாண்ட இருக்கேன்” என்று பின்கட்டுக்குப் போய்விடுவார். பின்கட்டில் கிணறு இருந்தது. அதன் வாயை இரண்டு கருங்கல் பலகைகளைப் போட்டு மூடியிருந்தார்கள். அவர் தண்ணீருக்குத் தெருக்குழாயில் போய் வரிசையில் நிற்பார். வீட்டில் கிணற்றை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். “தண்ணி உப்பு” என்றார்.

ஒரு ஞாயிறு அமாவாசையாக இருந்தது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. தறிக்காரர் வழக்கப்படி அவரும் அன்றைக்குப் பேனாவைத் தொடவில்லை. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவர், அவராகவே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வேலையைப் பற்றி இல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி.

“கத எழுதிக்கினு இருக்கிறப்போ, சுத்தி நடக்கிறது உங்க காதுல விழுமாமா?”

“ஒண்ணும் விழாதுக்கா. அம்மா பத்து தடவ கூப்பிடுவாங்க. படிக்கிறப்பவும் அப்டித்தான்.”

“பத்து தடவ” என்று திருப்பிச் சொன்னார். எழுந்து விளக்குமாற்றை எடுத்து, பெருக்கின தரையையே மறுபடி பெருக்கினார்.

என் பதினோராம் அத்தியாயத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அது என் கற்பனை இல்லை. சின்ன வயதில் நான் கதைப்புத்தகமும் கையுமாகத் திரிவேன். அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்: “பெரிய காஞ்சிபுரத்துல ஒருத்தி தொடர்கத படிச்சிக்கினே இருந்தாளாம், புள்ள கெணத்துல போயிடிச்சாம். நீயும் அப்டித்தான் நிக்கப் போற, பாரு.” எங்கள் தெருவில் படிக்கிற பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த மிரட்டல் கிடைத்தது. சீட்டாடிக்கொண்டிருந்த அப்பன்களின் பிள்ளைகளும்தான் கிணற்றில் விழுந்திருக்கும். அதைச் சொல்லி எந்தப் பையனையும் யாரும் மிரட்டி நான் கேட்டதில்லை. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு வாய் வழியாக வந்ததில் அந்தப் பெண்ணின் பெயர் உதிர்ந்துவிட்டிருந்தது. பூச்சாண்டிக்குப் பெயர் இருக்கிறதா என்ன? அவளும் ஒரு பூச்சாண்டி என்றே நினைத்துக்கொண்டு, அவளை என் நாவலில் வைத்தேன். குழந்தைக்கு ஒரு சிவப்புப் பாவாடை தைத்துப் போட்டேன். ஒரே மூச்சில் எழுதி முடித்த அத்தியாயம். அதன் மேல் எனக்குக் கர்வம் உண்டு.

அந்த அத்தியாயத்தின் நல்ல பிரதி வந்தபோது, புள்ளிகள் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தன. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன், அவர் எழுதி முடித்தார், புள்ளிகள் போயின. ஒன்று மட்டும் மிச்சம். ‘கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அவள் தொடர்கதை’ என்பதோடு வரி நின்றது. அதற்குப் பிறகு ஒரு சொல்லின் இடம் காலியாக இருந்தது. மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அதிசயமாக, அந்தப் பக்கத்திலேயே நான் திருத்தமாக எழுதியிருந்த சொல் அதுதான்.

“இந்த எடத்துல என்னக்கா? தெளிவாத்தானே இருக்குது?”

“எனக்குத் தெரியல.”

“‘படித்துக்கொண்டிருந்தாள்’. எழுதிக்குங்க.”

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். “நீங்களே எழுதிக்குங்கமா” என்று தாளை என் பக்கம் நகர்த்தினார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “இத உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“எங்கம்மாதான். ஊர்ல எல்லாரும் சொல்றதுதானேக்கா.”

“ஆமா. ஊர்ல சொல்றதுதான்.”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! மாத்திரையைக்கூடக் கவனிக்காத மனுஷி என் பதினோராம் அத்தியாயத்தைப் படித்துவிட்டார் என்று பூரித்துப்போனேன். அட்டையின் ஓட்டை வழியாக என் கதை அவரைப் பிடித்து இழுத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த முட்டாள் பூரிப்போடு அந்தச் சொல்லை என் கோழிக் கையெழுத்தில் எழுதி, மேல்பிரதியில் இருந்த பென்சில் புள்ளியை நானே அழித்தேன். கார்பன் பிரதியை நிரப்ப அவசரத்தில் மறந்துபோனேன். மறுநாள் காலையில் என் கவுண்டரிலேயே நாவல் பதிவாகிச் சென்னைக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் வாத்தியாரிடம் பெருமையடித்தேன். “அவங்களையே படிக்க வச்சிட்டேன் சார். பதினோராம் அத்தியாயம், கெணத்துல கொழந்தை விழுமே, அது.”

வாத்தியார் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பம்பை நிறுத்தினார்.

“உனக்குத் தெரியாதாம்மா? அந்தப் புள்ள அவங்களுதுதான். நாலு வயசு. பின்கட்டுல மூடிக் கெடக்குதே, அந்தக் கெணறுதான். அதுக்கப்புறம் அச்செழுத்தையே தொட்டதில்ல அவங்க. வீட்டுக்காரரு ஐயம்பேட்டைக்குப் போனவரு திரும்பல. சமைக்கத் தெரியும், எழுதத் தெரியும், வேற என்னா பண்ணுவாங்க? நான்தான் என் உரைய மொதல்ல எழுதக் குடுத்தேன்.”

பிள்ளையார்பாளையத்து வீட்டில் நான் கேட்டதும் சொன்னதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தண்ணீர் உப்பு. பத்து தடவை. எழுதிக்குங்க என்று நான் அதட்டாத குறையாகச் சொன்னது. ஒரு தாய் தன் பிள்ளை செத்த கதையை, ஒரு வரி, ஒரு வரியாக, இருபத்திரண்டு வரிக்கு ஒரு பக்கமாக, இரண்டு பிரதி எழுதியிருக்கிறாள். ஓர் எழுத்தை மாற்றவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் கை எழவில்லை.

இதற்கு மேல் சொல்வது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. அனுப்பிய பதிவுத் தபாலைத் திரும்பப் பெற ஒரு விண்ணப்பம் உண்டு. அது எந்த மேஜையில், எந்த அறையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அந்த மேஜையைத் தாண்டித்தான் என் இடத்துக்குப் போனேன். நான் எடுக்கவில்லை. ஒரு முறை படிக்காமலே திரும்பி வந்த நாவல் அது. அதை நானே திரும்பக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. அவரைப் பார்க்கப் போகவும் இல்லை. இரண்டு மாதம் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை.

பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. வெளியிடுகிறார்களாம். பதினோராம் அத்தியாயம் ஒன்றுக்காகவே வெளியிடலாம் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன்.

அவர் யாருடைய தலபுராணத்தையோ எழுதிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்: “எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. அந்த அத்தியாயத்தையே எடுத்துடச் சொல்லிடறேன்.”

அவர் அட்டையை வரி மேலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எதுக்கு எடுக்கணும்? நெசந்தானே? படிச்சிக்கினுதான் இருந்தேன். அந்த வாரம் அந்தக் கதையில ஒரு பொண்ணு வீட்ட வுட்டுப் போறா. போயிடுவாளா மாட்டாளான்னு பாத்துக்கினு இருந்தேன். கொழந்த அம்மான்னுதான் கூப்பிட்டிருக்கும். பத்து தடவகூடக் கூப்பிட்டிருக்கும்.”

நான் அழுதேன். அவர் அழவில்லை.

“பின்ன ஏன்க்கா அந்த எடத்த வுட்டீங்க?”

“கை போவலமா. இருக்கிறத எழுதாம வுட்டது அது ஒண்ணுதான். தப்புத்தான்.” அட்டையின் ஓரத்தைச் சரிசெய்தார். “நீங்க ஒண்ணு மட்டும் இல்லாதத எழுதிட்டீங்க. பாவாட செவப்பு இல்ல. பச்ச.”

“மாத்திடறேன்க்கா.”

“வேணாம். செவப்பாவே இருக்கட்டும். அப்பதான் அது வேற யாரோ கொழந்த.”

அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தபோது, அந்தப் பக்கத்தை மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எடுக்க வேண்டாம் என்றார். எழுத முடியவில்லை என்றும் சொன்னார். கடைசியில், அவர் எனக்குக் கொடுத்த பிரதியில் எப்படி இருந்ததோ அப்படியே செய்தேன். அந்தச் சொல்லை அடித்து, ‘இங்கே இதே அளவு இடம் காலியாக விடவும்’ என்று ஓரத்தில் எழுதினேன். பதிப்பகத்தார் இது என்ன கோணல் என்று கேட்டு எழுதினார்கள். நான் பிடிவாதமாக நின்றேன். புத்தகம் அப்படியே வந்தது. படித்தவர்கள் அச்சுப்பிழை என்றார்கள். சிலர் பக்க எண்ணோடு அக்கறையாகக் கடிதமும் போட்டார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். வாசற்படியிலேயே என்னை நிறுத்தினார். “அச்சு உள்ள வராதுமா. தெரியுமில்ல?”

“தெரியும்க்கா. நீங்க வுட்ட எடம் அப்டியே இருக்குது. அத சொல்லத்தான் வந்தேன்.”

“அச்சுலயுமா?”

“அச்சுலயும்.”

வாசலுக்கு இந்தப் பக்கம் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொடவில்லை. “ஊர் நூலகத்துல குடுத்துடறேன்க்கா” என்றேன். திரும்பி உள்ளே போனார். வீடு திரும்புகிற வழியில் அந்தப் பிரதியை நூலகத்தில் கொடுத்தேன். அடுத்த மாதம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

ஏழெட்டு வருஷம் வேறு வேறு ஊர்களில் வேலை பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில், அவர் தவறிப்போனார் என்று வாத்தியார் கார்டு போட்டிருந்தார். கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாளும் முடிந்திருந்தது. வீடு பூட்டியிருந்தது. போவதற்கு வேறு இடம் தெரியாமல் நூலகத்துக்குப் போனேன். என் புத்தகம் அலமாரியில் இருந்தது. மேலட்டை நைந்து, முதுகில் துணி ஒட்டித் தைத்திருந்தார்கள். இவ்வளவு பேர் படித்தார்களா என்று அங்கிருந்த உதவியாளரிடம் கேட்டேன்.

“அவ்ளோ பேரு எங்க படிச்சாங்க? ஒரே ஒரு அம்மா. வூட்டுக்கு எடுத்துக்கினு போவ மாட்டாங்க. காலையில வந்து, அந்த ஜன்னலாண்ட உக்காந்துக்குவாங்க. ஒரு அட்ட வெச்சிருப்பாங்க, நடுவுல வெட்டின அட்ட. அத மேல வெச்சி ஒவ்வொரு வரியா படிப்பாங்க. அத்த முடிக்க எட்டு மாசம் ஆச்சி. முடிச்சாங்க, மறுபடி மொதல்லயிருந்து ஆரம்பிச்சிட்டாங்க.”

பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. புத்தகம் தானாக அங்கேதான் திறந்தது. ‘கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அவள் தொடர்கதை’ என்று அச்சில் இருந்தது. அதற்கு அடுத்த காலி இடத்தில், ஒரு மயிரிழை மிஞ்சாமல், நீலப் பேனாவில், ‘படித்துக்கொண்டிருந்தாள்’ என்று எழுதியிருந்தது. மெய்யெழுத்துகளின் மேல் எல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள். கடைசி வட்டம் மட்டும் கொஞ்சம் கோணியிருந்தது. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். சிவப்புப் பாவாடை சிவப்பாகவே இருந்தது.

நூலகப் புத்தகத்தில் கிறுக்கியதற்காக அவர் மேல் கோபப்படாதீர்கள் என்று அந்த உதவியாளரிடம் சொல்ல நினைத்தேன். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

பரணிலிருந்து என் டிரங்குப் பெட்டியை இறக்கி, கார்பன் பிரதியை எடுத்தேன். பதினோராம் அத்தியாயம். அந்த வரி இன்னும் காலியாக இருந்தது. ஓரத்தில் அவர் வைத்த பென்சில் புள்ளி இருந்தது. இடம் நிரம்பினால் புள்ளியை அழிப்பது அவர் வேலை. பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் ஒரு ரப்பர் கேட்டு வாங்கி, தாள் கிழியாமல், அதை நான் அழித்தேன்.